பறவைத் தாங்கி நட்டோம், கூட்டை வெட்டினோம்

ஏக்கருக்கு இருபது குச்சி நடு, தலையில் குறுக்குக் கட்டை ஒன்று கட்டு, கரிக்குருவி வந்து உட்காரும், புழுவைப் பொறுக்கும். நம் கூட்டங்களில் நான் கேட்ட முதல் பாடம் இதுதான். வங்கி வேலையில் ஓய்வு பெற்று நிலத்துக்கு வந்த புதிது. சம்பளம் இல்லாத, பி.எஃப். இல்லாத, லீவு கேட்காத வேலையாள் என்றால் ஒரு பழைய மேனேஜருக்கு எவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று ஏக்கருக்கும் சவுக்குக் குச்சி வாங்கி நட்டேன்.

அடுத்த வருஷம் பங்குனியில் அதே நிலத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வீடு வேங்கிக்காலில். நிலம் அங்கிருந்து வண்டியில் இருபது நிமிஷம். அந்த மாதச் சந்திப்பை என் நிலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். நாற்பது பேர் வருவார்கள். வேலி ஓரம் புதர் மண்டிக் கிடந்தது. கிளுவை, நொச்சி, ஆடாதொடை, நடுநடுவே கொடுக்காப்புளி என்று உயிர்வேலி ஏழு எட்டு அடிக்கு வளர்ந்து வரப்பு மேல் சாய்ந்திருந்தது. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? 'ரிட்டையர்டு ஆபீசர் விவசாயம் பார்க்கிற லட்சணத்தைப் பார்' என்று சொல்லிவிடுவார்களே என்று, புல் வெட்டுகிற மெஷின் இரண்டையும் கத்தி பிடிக்கிற ஆள் நாலு பேரையும் கூப்பிட்டேன். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மத்தியானத்துக்குள் வேலி மார்பளவுக்கு வந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எங்கள் நிலத்தில் வேலை செய்கிற அம்மா ஒருவர் மாலையில் முந்தானையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார். "சார், இத பாருங்க. நாலு எடத்துல கீழ கெடந்துச்சு. ரெண்டு செத்துப்போச்சு, இது ஒண்ணு மட்டும் வாயத் தொறக்குது." கொண்டைக்குருவிக் குஞ்சு. கண் திறக்கவில்லை, ரோமம் முளைக்கவில்லை. அரிசியைக் குழைத்து ஊட்டிப் பார்த்தோம். அது தப்பு, அந்தக் குஞ்சுக்கு வேண்டியது பூச்சி என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ராத்திரி செத்துப்போனது.

மறுநாள் கூட்டம் நடந்தது. வேப்பமர நிழலில் உட்கார்ந்து பேசியதில் முக்கால் மணி நேரம் பறவைத் தாங்கி பற்றித்தான். எந்த உயரம், எத்தனை குச்சி, எந்தப் பயிருக்கு எப்போது பிடுங்குவது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க ஒரு ஜோடி கொண்டைக்குருவி, வெட்டின வேலிக்கும் மோட்டார் ஒயருக்கும் மாறி மாறிப் பறந்து கத்திக்கொண்டே இருந்தது. நாற்பது பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. எப்படிச் சொல்வது? நிலம் சுத்தமாக இருக்கிறது என்று எல்லாரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். குச்சி நட்டால் பறவை உட்காரும், அவ்வளவுதான். உட்காருகிற பறவை தன் வயிற்றுக்கு நாலு புழு எடுக்கும், போகும். கூட்டில் குஞ்சு இருக்கிற பறவையின் கணக்கே வேறு. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அது சும்மா உட்காருவதில்லை. பழமும் தேனும் தின்கிற கொண்டைக்குருவியும், தானியம் தின்கிற சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும்கூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. மிருதுவான புழு, வெட்டுக்கிளிக் குஞ்சு, சிலந்தி. குஞ்சு வளரப் புரதம் வேண்டுமே. அப்படியென்றால் நமக்கு அதிகமாக வேலை செய்கிற காலம் எது? கூடு வைத்திருக்கிற காலம். அந்தக் காலத்தில் கூட்டை வெட்டிவிட்டு, பயிர் வைத்த பிறகு 'வந்து உட்காரு' என்று குச்சி நடுகிறோம். இது எந்த ஊர் நியாயம்?

நெதர்லாந்தில் ஆப்பிள் தோப்புகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டாணிக்குருவிக்குச் சொந்தக்காரப் பறவை ஒன்று அங்கே உண்டு. அதற்குக் கூட்டுப் பெட்டி வைத்து, அது குஞ்சு பொரித்த இடங்களில் மரத்துக்குச் சராசரியாக 7.8 கிலோ பழம். கூடு இல்லாத இடங்களில் 4.7 கிலோ. 2002இல் வெளியான ஆய்வு. ஆப்பிள் கணக்கு நம் மல்லாட்டைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அங்கே அவர்கள் வைத்தது உட்காருகிற குச்சி இல்லை, கூட்டுப் பெட்டி என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டக்காரர்கள் எலிக்கு வெண்ணாந்தைப் பெட்டி வைப்பதும் இதே கணக்கில்தான்.

சரி, நாம் ஏன் கோடையில் வெட்டுகிறோம்? பறவைமேல் கோபமா? இல்லை. கோடையில்தான் கை சும்மா இருக்கிறது. தையில் நெல் அறுத்தாச்சு, ஆடிப்பட்டம் வர இன்னும் நாள் இருக்கிறது. நடுவில் பங்குனி, சித்திரை, வைகாசியில் வேலியைச் சீர்படுத்துவது, வரப்பைச் செதுக்குவது, மரத்தைக் கவாத்து பண்ணுவது, கிணற்று மேட்டைச் சுத்தம் செய்வது. ஏரி வேலையும் நூறு நாள் வேலையும் தண்ணீர் வற்றிய பிறகுதான் சூடு பிடிக்கிறது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள், வீட்டுத் தோட்டத்தையும் ஒழுங்கு பண்ணுகிறோம். திருவிழா, கல்யாணம் எல்லாம் அப்போதுதான். பறவைக்கும் அதே காலம்தான் வாய்த்திருக்கிறது.

இன்னொன்றையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். வங்கியில் நான் பல வருஷம் விவசாயக் கடன் பார்த்தவன். நில மேம்பாடு என்று கடன் கொடுப்போம். மேடு பள்ளத்தைச் சமன் செய்ய, வரப்பை ஒடுக்க, புதரை அகற்ற. பணம் கொடுத்த பிறகு போய்ப் பார்த்து, புதர் போய்விட்டதா, நிலம் பலகை மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கண் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. இயற்கை விவசாயம் என்று பேச ஆரம்பித்தவுடன் உரத்தை விட்டோம், மருந்தை விட்டோம். 'சுத்தமான நிலம்தான் நல்ல நிலம்' என்கிற எண்ணத்தை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டோம்.

எந்தப் பறவைக்கு எந்த மாசம் என்று எங்கள் பக்கத்தில் நான் பார்த்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். புள்ளி ஆந்தையும் கிளியும் மார்கழி, தையிலேயே பொந்து தேட ஆரம்பிக்கும். மாசி பிறந்தால் கொண்டைக்குருவி, தையல்சிட்டு, தேன்சிட்டு, கொண்டலாத்தி. பங்குனி, சித்திரையில் கரிக்குருவி, பனங்காடை, மைனா, தவிட்டுக்குருவி, தரையில் ஆள்காட்டி. ஆனி, ஆடியில் மழை தட்டினால் தூக்கணாங்குருவியும் செம்போத்தும் கதிர்க்குருவியும். கவுதாரிக்கு மாசமே கிடையாது, புல் இருந்தால் போதும். ஏரியில் இருக்கிற நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் வடகிழக்கு மழையை நம்பி, கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும்.

வெளிநாடுகளில் இதற்குத் தேதி போட்டுச் சட்டமே இருக்கிறது. ஜெர்மனியில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலி, புதர்களை வெட்டிச் சாய்க்கக் கூடாது. அயர்லாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. அங்கே வசந்தம் ஒன்றுதான், எல்லாப் பறவையும் அதற்குள் முடித்துக்கொள்ளும். நமக்கு அப்படி ஒரே தேதி போட முடியாது. மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள், பன்னிரண்டு மாசத்துக்கும் ஏதாவது ஒன்று கூடு வைத்திருக்கிறது. அதனால் 'எப்பவும் வெட்டாதே' என்று சொன்னால் அது நடக்காத காரியம். 'எப்ப வேணா வெட்டு' என்பதும் தப்பு. வேலியிலும் புதரிலும் கூடு மிகக் குறைவாக இருக்கிற காலம் எங்கள் பக்கத்தில் மார்கழிக் கடைசியும் தை மாசமும். வேலி வேலையை அங்கே கொண்டுபோய் வைத்தால் பெரும்பாலான கூடு தப்பிக்கும். பொந்து உள்ள மரத்தை மட்டும் அப்போதும் தொடக் கூடாது.

தையில் ஆள் கிடைக்காது என்பீர்கள். உண்மைதான். நெல் அறுவடைக்குப் போய்விடுவார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒரு வாரம், பின்னால் ஒரு வாரம் யாரையும் கூப்பிட முடியாது. நான் நாளுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துத்தான் செய்கிறேன். அதைச் சமாளிக்க வேலியை மூன்று பங்காகப் பிரித்துவிட்டேன். வருஷத்துக்கு ஒரு பங்கு. இரண்டு பேர், இரண்டு நாள், முடிந்தது. மொத்தமாக ஒரே தடவையில் வெட்டினால் அந்த வருஷம் பறவைக்கு இடமே இல்லாமல் போகும். மூன்றில் ஒன்று என்றால் மற்ற இரண்டில் போய்க் கட்டிக்கொள்ளும். வெட்டின இலை மூடாக்குக்குப் போகிறது, அதுவும் வருஷா வருஷம் கிடைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் பின்னால்தான் தெரிந்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கு விளக்கம் இருக்கிறது. அட்டவணையில் உள்ள பறவையின் முட்டையை உடைப்பதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. துப்பாக்கி எடுத்தவன் மட்டும் வேட்டைக்காரன் இல்லை.

2022 செப்டம்பர் தொடக்கத்தில் கேரளாவில் மலப்புரம் மாவட்டம் திரூரங்காடி பக்கத்தில் வி.கே.படி என்ற இடத்தில் நடந்ததைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நெடுஞ்சாலையை அகலப்படுத்த ஒரு பெரிய மரத்தை இயந்திரம் வைத்துச் சாய்த்தார்கள். மரம் நிறைய நீர்க்காகக் கூடு. மரம் விழுந்த வேகத்தில் பறவையும் குஞ்சும் ரோட்டில் விழுந்து கொத்துக் கொத்தாகச் செத்தன. வனத்துறை வழக்குப் போட்டது. கூடு உள்ள மரங்களைக் குஞ்சு பறந்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் பெரிதாக எழுந்தது. சில வாரம் பொறுத்திருந்தால் சாலையும் வந்திருக்கும், குஞ்சும் பறந்திருக்கும்.

நம் ஊரையும் சொல்ல வேண்டும். கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்ட ஆரம்பித்தபோது, 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு நிறுத்தியது. திருவண்ணாமலையில் நாம் எல்லாரும் பேசினோம். எத்தனை மரம், எத்தனை வயசு, எவ்வளவு நிழல் என்று. மரத்தில் குடியிருக்கிறவர்களைப் பற்றி நான் பேசியதாக ஞாபகம் இல்லை. அதற்கு அடுத்த வருஷம் சீமைக்கருவேல மரத்தை ஒழிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதும், தமிழ்நாடு முழுக்க ஏரிக்கரைகளில் ஜேசிபி இறங்கியது. பிற்பாடு நீதிமன்றமே அதை நிறுத்தி வைத்தது. ஆரம்பத்தில் கை தட்டினவர்களில் நானும் ஒருவன். சீமைக்கருவேலத்தை நான் இப்போதும் ஆதரிக்கவில்லை. ஆனால் வேறு மரமே இல்லாத ஏரிகளில் கொக்கும் வக்காவும் அந்த முள்ளில்தான் கட்டுகின்றன. தண்ணீர் வற்றி, கடைசிக் குஞ்சு பறந்த பிறகு வெட்டினால் என்ன குறைந்துவிடும்? மாசியில் என்ன அவசரம்? வேங்கிக்கால் ஏரிக்கரையில் காலையில் நடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு வரும்.

இதெல்லாம் படித்தவர்கள் பேசுகிற பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1798இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டரிடம் போய், எங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று கேட்டு வாங்கியவர்கள் வேடந்தாங்கல் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் கூடு வைத்திருக்கிற நேரம் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதே மாவட்டத்தில் பொத்தகுடி. 2020 ஊரடங்கு நேரம். தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி கூடு கட்டி முட்டை வைத்துவிட்டது. அது பொரித்துக் குஞ்சு பறக்கும் வரைக்கும், ஏறக்குறைய நாற்பது நாள், ஊர் தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. ஒரு ஊரே நாற்பது நாள் இருட்டில் நடந்திருக்கிறது. எனக்கு ஒரு கூட்டத்துக்கு முந்தின நாள் வேலியை அப்படியே விட மனசு வரவில்லை.

நாள் கணக்கு ஒன்றும் பெரிசில்லை. கொண்டைக்குருவி முட்டை பொரிக்க இரண்டு வாரம், குஞ்சு வெளியேற இன்னும் இரண்டு வாரம். கரிக்குருவிக்கு மொத்தம் ஐந்து வாரம். ஆள்காட்டி நாலு முட்டை வைத்து ஒரு மாசம் அடைகாக்கும். பொரித்த அன்றைக்கே குஞ்சு எழுந்து நடந்துவிடும். வங்கிப் பாஷையில் சொன்னால் ஒரு தவணையைத் தள்ளி வைக்கிறோம். வட்டிகூடக் கிடையாது.

கூடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிளையை விலக்கித் தேடாதீர்கள். நாம் விலக்கின வழியில் காக்கையும் பூனையும் கீரியும் போகும். செம்போத்துகூட அடுத்த பறவையின் குஞ்சைத் தின்னும். வெட்டப் போகிற இடத்துக்கு முதல் நாள் காலையில், ஆறரை மணி வாக்கில், பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரு மரத்தடியில் சும்மா உட்காருங்கள். டீ குடிக்கிற நேரம் மாதிரி இரண்டு மடங்கு. வாயில் நாரோ புழுவோ வைத்துக்கொண்டு ஒரே இடத்துக்கு ஒரு பறவை இரண்டு தடவை போனால் அங்கே கூடு இருக்கிறது. வாயில் வெள்ளையாக எதையோ எடுத்துக்கொண்டு வெளியே போனால் குஞ்சே இருக்கிறது, அதன் எச்சத்தைத்தான் அப்புறப்படுத்துகிறது. நம்மைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் புழுவோடு கிளையில் உட்கார்ந்து கத்தினால், நாம் ரொம்பக் கிட்டே உட்கார்ந்திருக்கிறோம் என்று அர்த்தம். எழுந்து தள்ளிப் போங்கள். கூடு இருக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் நாலு அடி தள்ளிப் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுங்கள். கூட்டின்மேலே கட்ட வேண்டாம். வெட்ட வருகிறவரிடம் "துணி கட்டின இடத்தை விட்டுடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பங்குனியில் வேலி வெட்டினவர்களில் ஒருவரிடம் பின்னால் கேட்டேன், கூடு இருந்தது தெரிந்ததா என்று. "தெரிஞ்சது சார். நீங்க சுத்தமா வெட்டச் சொன்னீங்க" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

புல் வெட்டும்போது ஒரு விஷயம். பெரும்பாலும் சுற்றி ஆரம்பித்து உள்பக்கமாக வெட்டிக்கொண்டே போகிறோம். கவுதாரியும் முயலும் நடுவில் சுருங்கிக்கொண்டே போய்க் கடைசியில் பிளேடில் சிக்கும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகவோ, ஒரு ஓரத்திலிருந்து வேலி இருக்கிற மறு ஓரத்தைப் பார்த்தோ வெட்டினால் ஓடிப்போக வழி கிடைக்கும். உழும்போது ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் டிராக்டர்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு நாம் முன்னால் நடக்க வேண்டும். முட்டை மண் நிறத்திலேயே இருக்கும், சட்டென்று தெரியாது. தெரிந்ததும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, ஒரு கட்டில் அகலத்துக்கு விட்டுவிட்டு உழலாம். ஒரு கட்டில் இடத்தில் எத்தனை படி மல்லாட்டை போய்விடப் போகிறது?

பாம்பு வருமே என்பது நியாயமான பயம். நானும் பயந்தவன்தான். வீட்டைச் சுற்றி, மாட்டுக் கொட்டகை, மோட்டார் ரூம், நடக்கிற பாதை, இந்த இடங்களில் எந்த மாசமும் புல்லை வளர விடாதீர்கள். வளர விடாமல் வாராவாரம் வெட்டினால் அங்கே கூடே வைக்காது. மாசக்கணக்கில் வளர விட்டுவிட்டு ஒரு நாள் திடீரென்று வெட்டுவதுதான் ஆபத்து, பறவைக்கும் சரி, கை வைக்கிறவனுக்கும் சரி. ஒயரை உரசுகிற கிளை, ஒடிந்து தொங்குகிற கொம்பு, இதையெல்லாம் காத்திருந்து வெட்டு என்று சொல்ல மாட்டேன். மனுஷ உயிர் முக்கியம். லைனுக்காக வெட்ட வருகிறவர்களிடம் எந்தக் கிளை உரசுகிறது என்று கேட்டு அதை மட்டும் வெட்டச் சொல்லலாம். போகிற போக்கில் மொத்த மரத்தையும் மொட்டையடிக்க வேண்டியதில்லை. தென்னையில் காய்ந்த மட்டையை எடுப்பதையும் நிறுத்தச் சொல்லவில்லை. காண்டாமிருக வண்டு ஏறினால் பறவைக்கும் மரம் இல்லை, நமக்கும் காய் இல்லை.

மயில் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பேசாமல் விட்டால் 'இவர் மல்லாட்டை போட்டதே இல்லை போலிருக்கு' என்பீர்கள். போட்டிருக்கிறேன், விதைத்த மறுநாளே மயில் கிளறித் தின்றும் இருக்கிறது. மழைக்காலத்தில் புதருக்குள் தரையில்தான் முட்டை வைக்கும். அந்த முட்டையைக் கண்டால் கை துறுதுறுக்கிறது என்று ஒரு நண்பர் என்னிடமே சொன்னார். எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அது தேசியப் பறவை, சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. முட்டையைத் தொட்டால் ஜெயில் வரைக்கும் போகும். விதைக்கிற வாரம் காவல் இருப்பது, வலை கட்டுவது, இழப்பீடு கேட்டுச் சங்கமாகப் போவது என்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. மயிலுக்கு நான் தீர்வு வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மயில்மேல் இருக்கிற கோபத்தில் கவுதாரி முட்டையை மிதிப்பது நியாயமில்லை.

கடைசியாகப் பனை. நம் மாவட்டத்தில் பனை இல்லாத வரப்பு கம்மி. பச்சைப் பனையை வெட்ட வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். கலெக்டர் ஆபீஸ் எங்கள் வேங்கிக்காலில்தான் இருக்கிறது, அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பயம் ஜாஸ்தி. தலை போன மொட்டைப் பனையை மட்டும் யாரும் மதிப்பதில்லை. சூளைக்கு விறகு. என்னிடமும் ஒன்று இருந்தது. பட்டுப்போய் மூன்று வருஷம். விலை பேசி முன்பணம்கூட வாங்கிவிட்டேன். மரம் அறுக்க வந்தவர் ஏணி வைக்கிறதுக்கு முன்னால் மேலே பார்த்துவிட்டு, "சார், பனங்காடை உள்ள பூந்து வெளிய வருது. இன்னைக்கு அறுக்கணுமா?" என்றார். வேலிக் கதை நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நிறையப் பணம் ஒன்றும் இல்லை, ஆனாலும் வாங்கின பணத்தைத் திருப்பித் தருவது ஒரு பேங்க்காரனுக்குக் கஷ்டம்தான். அந்த மொட்டைப் பனை இன்னும் நிற்கிறது. பனங்காடைக்குப் பிறகு கிளி வந்தது, போன வருஷம் மைனா. பனங்காடை தின்பது பெரும்பாலும் வெட்டுக்கிளி, சில்வண்டு, வண்டு. அதற்கு நான் நட்ட சவுக்குக் குச்சியைவிட இந்த மொட்டைப் பனைதான் உயரமான தாங்கி.

இயக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்காட்டியில் எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது, எப்போது பஞ்சகவ்யம் தெளிப்பது என்றெல்லாம் போடுகிறோம். கவாத்துக்கும் வேலி வெட்டுக்கும் ஒரு வரி போடுங்கள். ஊருக்கு ஊர் காலம் மாறும். எங்கள் பக்கத்துக் கணக்கு தஞ்சாவூருக்கு ஆகாது, கொங்குப் பக்கத்துக்கும் ஆகாது. உங்கள் வேலியில் எந்த மாசம் எது கூடு வைக்கிறது, எப்போது குஞ்சு வெளியேறுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். பறவையின் பெயர் தெரியாவிட்டால் உங்கள் ஊரில் சொல்கிற பெயரையே எழுதுங்கள். மாவட்டத்துக்குப் பத்துப் பேர் இரண்டு வருஷம் எழுதினால் நமக்கென்று ஒரு கணக்கு கிடைக்கும்.

இந்தச் சித்திரையில் மறுபடியும் சந்திப்பு என் நிலத்தில்தான். வேலியில் மூன்றில் ஒரு பங்கைத் தையில் வெட்டியாகிவிட்டது, மீதி அப்படியே இருக்கிறது. நடக்கிற பாதையைத் தவிர மற்ற இடத்தில் புல் முழங்கால் உயரம். துணி கட்டின இடத்தில் யாரும் நின்று பேச வேண்டாம். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.